நன்றி சொல்லி ஓய்ந்துபோன ஒருவருக்கு

கேள்வி: எனக்கு வயது 41. சொந்த ஊர் ஏற்காடு மலையில் ஒரு சிற்றூர். 9 ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது ஏணி சரிந்து கீழே விழுந்தேன். கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடத்தில் சி6 என்ற இடத்தில் அடிபட்டுவிட்டது என்றார்கள். கால்கள் அசையாது. மணிக்கட்டைத் தூக்க முடியும். விரல்களை மடக்க முடியாது. மருத்துவமனைக்கு அடிக்கடி மலையிலிருந்து இறங்கிவர முடியாததால் சேலம் சிவதாபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மனைவி வெள்ளிப் பட்டறையிலிருந்து கொலுசு வாங்கிவந்து, வீட்டிலேயே மணி கோத்துக் கொடுக்கிறாள். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பார்க்க வருகிற உறவினர் எல்லோரும், “கோட்டை மாரியம்மன் புண்ணியத்துல உசுரு தப்பிச்சே, அதுக்கு நன்றியோட இரு” என்கிறார்கள். எனக்கு அந்த நன்றி வரவில்லை. ஆனால் மனைவியிடம் மட்டும் தண்ணீருக்கு, சோற்றுக்கு, புரட்டிப் படுக்க வைத்ததற்கு என்று நாள் முழுக்கத் தாங்க்ஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போன மாதம் அவள், “ஏனுங்க, நான் என்ன நர்ஸுங்களா, எதுக்கெடுத்தாலும் தாங்க்ஸ் தாங்க்ஸ்ங்கறீங்க?” என்று அழுதுவிட்டாள். இரவில் என்னைப் புரட்டிப் படுக்க வைப்பதற்காக வைத்த அலாரம் அடித்தும் அவள் எழாவிட்டால், எழுப்ப மனம் வராமல் அப்படியே கிடப்பேன். விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று சில இரவுகளில் தோன்றும். நன்றி கொன்றவனுக்கு உய்வே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்த குறள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் நன்றி கெட்டவனா? அந்த உணர்வு வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு, வணக்கம்.

நீங்கள் மகளிடம் சொல்லி எழுதவைத்த ஆறு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறோம். நான் முழுவதையும் மூன்று முறை படித்தேன். அதில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிற விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் நன்றியின்மையால் வருவதில்லை. மனச்சோர்வு என்கிற, மருந்தாலும் ஆலோசனையாலும் குணமாகக்கூடிய ஒரு நோயின் குரலாக அது இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்தவற்றில்கூட மனம் ஒட்டாமல் இருக்கிறது என்றால், இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் அந்த எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உடம்பின் காரணங்களையும் மருத்துவரிடம் கேளுங்கள்: மறைந்திருக்கும் சிறுநீர்த் தொற்று, தீராத நரம்பு வலி, தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ஆகியவை கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களிடம் அதிகமாகக் காணப்படுபவை, மூன்றுமே மனிதரை உள்ளுக்குள் இருட்டாக்கிவிடும். இவற்றைப் பார்க்காமல் நான் நன்றியைப் பற்றிப் பேசினால் அது உங்களுக்குச் செய்கிற அநியாயம்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. 9 ஆண்டுகளாக வரிப்பணத்தைப் போல நன்றியைச் செலுத்திச் செலுத்திக் கை ஓய்ந்துபோனவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். மேடையில் நன்றியுரை உண்டு, விண்ணப்பத்தின் கடைசியில் நன்றி உண்டு, பேருந்தில் வழிவிட்டவருக்கு ஒரு தாங்க்ஸ் உண்டு. அம்மா சோறு போட்டால் நாம் நன்றி சொல்வதில்லை. “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா” என்கிறோம், அதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. எஸ்டேட்டிலிருந்து குளிரில் நீங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில், மனைவி காபி கொண்டுவந்து வைத்தபோது நீங்கள் தாங்க்ஸ் சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அந்தச் சொல் உங்கள் வீட்டுக்குள் விபத்துக்குப் பிறகுதான் நுழைந்திருக்கிறது. எந்த நாளில் நீங்கள் அதைச் சொல்லத் தொடங்கினீர்களோ, அந்த நாளில் உங்கள் சொந்த வீட்டிலேயே நீங்கள் விருந்தாளியாகிவிட்டீர்கள். உங்கள் மனைவி சம்பளம் வாங்காத பணியாளர் ஆகிவிட்டார். அவர் அழுததற்குக் காரணம் உதவி செய்து அலுத்துப்போனது இல்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் வீட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு பேசுகிறார் என்பதுதான் அவரை வருத்தியிருக்கிறது.

உங்களை அலைக்கழிக்கிற குறளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இருக்கிற 11-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையைக் குறிக்கிறது. நாம் இன்று வாயால் சொல்கிற சொல்லையோ, நெஞ்சில் பொங்கி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிற உணர்ச்சியையோ குறிப்பதில்லை. அந்த நன்மைக்கு நாம் செய்ய வேண்டியது ‘அறிதல்’. அறிவதற்கு நெகிழ்ச்சி தேவையில்லை, கண் திறந்திருந்தால் போதும். அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், உதவியின் அளவு உதவியைப் பொறுத்தது இல்லை, அதைப் பெற்றவருடைய சால்பை, அதாவது உயர்ந்த பண்பை, பொறுத்தது என்கிறது. உதவி பெறுகிறவரைக் கூனிக் குறுகி நிற்கச் சொல்லாமல், மதிப்பை அவர் கையில் கொடுக்கிற வரி அது. மனைவியின் தூக்கம் கலையக் கூடாதே என்று இருட்டில் விழித்துக் கிடக்கிற ஒருவரை நன்றி கொன்றவர் என்று எந்தக் குறளும் சொல்லாது.

உயிர் பிழைத்ததற்கு நன்றியோடு இரு என்று உறவினர் சொல்வதை இதிலிருந்து பிரித்துப் பாருங்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கட்டிலருகே நிற்கும்போது அவர்களுக்குப் பயமாக இருக்கிறது, அந்தப் பயத்தை மூடிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டியிருக்கிறது. ஆனால் 32 வயதில் கால்களையும் விரல்களையும் இழந்த ஒருவரிடம், மிச்சமிருப்பதற்கு நன்றி சொல் என்று கேட்பது, இழந்ததைப் பற்றி வாய் திறக்காதே என்று சொல்வதற்குச் சமமாகிவிடுகிறது. அந்த நன்றி உங்களுக்கு வராததில் வியப்பு எதுவும் இல்லை. துக்கத்தை வெளியே அனுப்பிவிட்டுத்தான் நன்றி உள்ளே வர வேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே நாளில், சில சமயம் ஒரே மணி நேரத்தில், ஒரே மனிதருக்குள் இருக்கும். அம்மன் மீது கோபம் இருந்தால் கோபப்படுங்கள். கண் பார்வையை இழந்தபோது இறைவனோடு சண்டை போட்டுப் பாடிய சுந்தரரை நம் மரபு அடியார் வரிசையிலிருந்து நீக்கிவிடவில்லை.

உளவியலாகிய என் துறையிலும் இந்த உறவினர்களைப் போலப் பேசுகிறவர்கள் உண்டு. 1978-இல் அமெரிக்காவில் லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. இரு தரப்பாரும் ஒரே அளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று அதை மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 0 முதல் 5 வரையிலான அளவில் லாட்டரி வென்றவர்கள் 4.00 என்றும், சாதாரண வாழ்க்கை வாழ்ந்த மற்றவர்கள் 3.82 என்றும், விபத்துக்கு ஆளானவர்கள் 2.96 என்றும் தங்கள் மகிழ்ச்சியைக் குறித்திருந்தார்கள். இழப்பு இழப்புதான், அதை எண்ணே சொல்கிறது. ஆனாலும் அந்த 2.96, அளவின் நடுப்புள்ளிக்கு மேலேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கற்பனை செய்கிற பாதாளத்தில் அவர்கள் இல்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துத்தான் நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன்.

சரி, அறிதல் எப்படி? உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், வெட்கத்தோடு எழுதிய ஒரு பத்தி இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு, கொலுசு வேலைக்கு உட்காருவதற்கு முன், மனைவி உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து, டார்ச் வெளிச்சத்தில் பிட்டத்தையும் குதிகாலையும் பார்க்கிறார். நிறம் மாறிய இடம் இருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்கிறார். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது என்பதால், புறங்கையை வைத்து அந்த இடம் சூடாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்க்கிறார். இதை அவருக்கு யாரோ ஒரு செவிலியர் 9 ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு வரி தள்ளி, இத்தனை ஆண்டுகளில் படுக்கைப்புண் ஒரே ஒரு முறைதான் வந்தது என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். சகோதரரே, அது சாதாரணம் இல்லை. தண்டுவடம் அடிபட்டவர்களை மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு இழுத்துவருவதும், சிலரைக் கொண்டுபோய்விடுவதும் அந்தப் புண்தான். இரவுக்கு மூன்று முறை புரட்டிப் படுக்க வைத்தார் என்று வைத்துக்கொண்டால், 9 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 10,000 முறை. இந்த எண்ணைக் கடன் கணக்காக நான் தரவில்லை. 10,000 தாங்க்ஸ் சொல்லி யாரும் அடைக்க முடியாது. என்ன நடந்திருக்கிறது என்று ஒருமுறை முழுதாகத் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். தெரிந்துகொண்டதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டால், “நான் தோலோட இருக்கறதே உன் டார்ச்சாலதான்” என்று நீங்கள் சொன்னால், அது அவர் காதில் நர்ஸுக்குச் சொன்னதாக விழாது.

2003-இல் எம்மன்ஸ், மக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், நரம்புத்தசை நோயோடு வாழும் 65 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு சாரார் 21 நாட்கள், அன்றன்று தமக்கு வாய்த்த நல்லவற்றை எழுதி வைத்தார்கள். எழுதியவர்களின் மனநிலையும் தூக்கமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. வாழ்க்கைத் துணைகளும் அந்த மாற்றத்தைக் கவனித்திருந்தார்கள். இதை நான் உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. மனச்சோர்வுக்கான சிகிச்சை தொடங்கிய பிறகு செய்யுங்கள். எழுதுவதை, அல்லது கைப்பேசியில் வாயால் சொல்லிப் பதிவதை, யாருக்கும் காட்ட வேண்டாம். “குடும்பம்”, “உயிர்” என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ஆள், பொருள், நேரம் மூன்றும் இருக்கிற ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஒன்றும் தோன்றாத நாளில் ஒன்றும் இல்லை என்றே பதிவு செய்யுங்கள். அதுவும் உண்மையான குறிப்புதான்.

நன்றி குறிப்பிட்ட ஓர் ஆளைப் பார்த்துப் போக வேண்டும், அதற்கு ஒரு முகவரி வேண்டும் என்று நான் சொல்வதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கை கால் நான்கும் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். தனக்கு மருத்துவமனையில் துணைநின்ற இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலிருந்துதான் அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். அவரைப் பார், நீ ஏன் இப்படிக் கிடக்கிறாய் என்று உங்களைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவருடைய நன்றி விதியைப் பார்த்துப் போகாமல், ஒரு மருத்துவரைப் பார்த்துப் போனது என்பதை மட்டும் கவனியுங்கள்.

உணர்வைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நடைமுறையைப் பேசாமல் விட்டால் பயனில்லை. உதவி என்பது ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்க வேண்டிய ஒன்றாக இருக்கும்வரை, நாக்கில் தாங்க்ஸ் வந்துகொண்டேதான் இருக்கும். அதை ஓர் ஒழுங்கான ஏற்பாடாக்கிவிட்டால் பாதி பாரம் குறையும். குடிக்கத் தண்ணீர் கேட்டுக் காத்திருக்காமல், நீளமான உறிஞ்சுகுழலோடு ஒரு பாட்டிலைச் சக்கர நாற்காலியிலும் கட்டிலிலும் பொருத்திவிடலாம். நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் பிட்டத்தின் அழுத்தத்தைக் குறைப்பது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். அதற்குக் கைப்பேசி மணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரவைப் பொறுத்தவரை, அலாரம் அடித்தும் எழுப்பாமல் கிடப்பது அன்பால் செய்வது என்று எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த அன்புக்கு விலையைத் தோல் கொடுக்கும். அதற்குப் பதிலாக, உங்கள் மறுவாழ்வு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: காற்று மெத்தை போட்டால் புரட்டும் இடைவெளியை எவ்வளவு நீட்டலாம், தலையணைகளை முட்டுக்கொடுத்துக் குப்புறப் படுத்துத் தூங்க உங்களைப் பழக்க முடியுமா. மூச்சுத் தொந்தரவு இல்லாதவர்கள், மேற்பார்வையில் அரைமணி, ஒரு மணி என்று சிறுகச் சிறுகப் பழகினால், குப்புறப் படுத்தபடி பல மணி நேரம் புரளாமல் தூங்க முடிகிறது. மனைவிக்கு நீங்கள் தர விரும்புகிற பொருள் தூக்கம்தான் என்று உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதைத் தருவதற்குச் சரியான வழி இது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நீங்கள் இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்று தெரிகிறது. தனித்துவ அடையாள அட்டையோடு, சேலம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ஓசியில் வாங்குவதாக நினைக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பெயரிலேயே உரிமை என்றுதான் சொல்கிறது. உங்களைப் போல அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்கு அதில் தனிப் பிரிவே இருக்கிறது. அந்த அலுவலக வாசலில் நீங்கள் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை.

உங்கள் கையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியவில்லை. டம்ளரைத் தானே எடுத்துக் குடிப்பதாகவும், அது பெரிய விஷயம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த அசைவை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கத் தோன்றும். மணிக்கட்டு கீழே தொங்கும்போது விரல்கள் தளர்ந்து திறக்கின்றன. கையை டம்ளரைச் சுற்றி நுழைத்து மணிக்கட்டை மேலே தூக்கினால், விரல்களின் தசைநாண்கள் இழுபட்டு, மூளையிலிருந்து கட்டளை எதுவும் வராமலே விரல்கள் மடங்கி டம்ளரைப் பற்றிக்கொள்கின்றன. முடங்கிய விரல்களை உங்கள் மணிக்கட்டு வேலைக்குக் கூப்பிடுகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் முழுக்க நீட்டிவிட்டு யாராவது உருவிவிட்டால் தசைநாண் நீண்டு இந்தப் பிடி போய்விடும் என்பதால், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் இதை அவசியம் சொல்லிவைக்க வேண்டும். சூடான காபி மட்டும் வேண்டாம். மடியில் சிந்தினால் சுடுவது உங்களுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உயிர் பிழைத்ததற்கு நன்றி வராவிட்டால் பரவாயில்லை. இந்த மணிக்கட்டை ஒருநாள் காலையில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததற்கு வருகிறேன். போன தை மாதம், அக்கா மகன் மலையிலிருந்து வீடியோ காலில் மிளகுக் கொடியைக் காட்டி, “மாமா, பறிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறான். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்த பிறகு பறி, இன்னும் எட்டு நாள் பொறு என்று சொல்லியிருக்கிறீர்கள். “சரிங்க மாமா” என்று வைத்துவிட்டான். அவன் நன்றிகூடச் சொல்லவில்லை, ஆனாலும் அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது என்று நினைக்கிறேன். அன்று உங்களிடம் ஒருவன் கேட்டு வாங்கிப் போனான். நன்றி சொல்லாமல், வீட்டு ஆளிடம் வாங்குகிற மாதிரி வாங்கிப் போனான். உங்கள் மனைவியும் தன் உதவியை நீங்கள் அப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறார்.

மனைவியின் கொலுசுக் கணக்கு, எத்தனை ஜோடி வந்தது, எத்தனை போனது, கூலி எவ்வளவு பாக்கி என்பதை இனி நீங்கள் கைப்பேசியில் பேசிப் பதிந்து வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேளுங்கள். வருகிற பருவத்தில் அக்கா மகனை நீங்களே முதலில் கூப்பிட்டு, ஏணியின் தலையை மரத்தோடு கயிற்றால் கட்டாமல் ஒருவரும் ஏறக் கூடாது, கீழே ஓர் ஆள் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த எஸ்டேட்டில் இதைச் சொல்வதற்கு உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு, குப்புறப் படுக்கும் பழக்கத்தையும் தொடங்கிய பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். உங்கள் மனைவி ஓர் இரவில் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதை அந்தக் கடிதத்தின் முதல் வரியில் எதிர்பார்ப்பேன்.